கொட்டியாரக் குடாவிலிருந்து ஒரு திறந்த மடல்: உலக இலக்கியத்தை எங்கள் மொழியிலும் படிக்க விடுங்கள்

இணையவழியில் இலக்கியப் பாடநெறிகளை நடத்தும் பேராசிரியர்களுக்கும் விரிவுரையாளர்களுக்கும் நிர்வாகத்தினருக்கும்,

வணக்கம்.

நான் திருகோணமலையில், கொட்டியாரக் குடாவின் கரையில் இருந்து எழுதுகிறேன். வயது ஐம்பத்து நான்கு. அரச கந்தோர் ஒன்றில் எழுதுவினைஞராக வேலை பார்க்கிறேன். கடந்த பத்து மாதமாக உங்களில் ஒரு கல்லூரி இணையத்தில் நடத்தும் உலக இலக்கியப் பாடநெறியில் படிக்கிறேன். கல்லூரியின் பெயரை எழுதவில்லை. எனக்குப் படிப்பிக்கிற ஆசிரியர்கள் நல்லவர்கள், உழைப்பாளிகள். நான் சொல்லப்போகும் குறை அவர்களோடு நிற்பதும் இல்லை. இப்படிப் பாடநெறி நடத்தும் எல்லோரும் இதை வாசிக்க வேண்டும் என்றுதான் திறந்த மடலாக எழுதுகிறேன்.

கேட்க வந்தது ஒரு காரியம். உலக இலக்கியத்தை நாங்கள் தமிழில் வாசிக்கவும், அதைப் பற்றித் தமிழில் எழுதவும் அனுமதி தாருங்கள். சிங்களத்தில் வாசிப்பவர்களுக்குச் சிங்களத்தில் அந்த அனுமதியைத் தாருங்கள். ஏன் கேட்கிறேன் என்பதைச் சொல்லக் கொஞ்சம் இடம் வேண்டும்.

1990ஆம் ஆண்டு ஆகஸ்டில் நான் உயர்தரப் பரீட்சை எழுதியிருக்க வேண்டும். ஜூன் மாதம் சண்டை தொடங்கியது. பரீட்சை அனுமதி அட்டையை வைத்திருந்த பையையும் தங்கச்சியின் கையையும் பிடித்துக்கொண்டு வீட்டை விட்டு வெளிக்கிட்டோம். மன்னார்க் கரையில் வள்ளம் ஏறி, மண்டபம் முகாமில் சில வாரம், பிறகு தமிழ்நாட்டின் உள் மாவட்டம் ஒன்றில் பன்னிரண்டு வருடம். முகாமுக்கு அடுத்த ஊரில் ஒரு கிளை நூலகம் இருந்தது. அகதிக்கு உறுப்பினர் அட்டை கிடையாது. நூலகர் ஐயா, "இங்கேயே இருந்து படிச்சிட்டுப் போம்மா" என்றார். சாயந்தரம் மூன்று மணி முதல் ஏழு மணி வரை அந்த மர வாங்கு என்னுடையதாக இருந்தது.

அங்கேதான் தல்ஸ்தோயை வாசித்தேன். மாஸ்கோவில் அச்சான கெட்டி அட்டைத் தமிழ்ப் புத்தகம், 'புத்துயிர்ப்பு', ரா. கிருஷ்ணய்யாவின் மொழிபெயர்ப்பு. மழையும் காற்றுமான இரவில் கத்யூஷா ரயில் மேடையில் ஓடுகிறாள். வெளிச்சமான பெட்டிக்குள் இருக்கும் நெஹ்லூதவை அவள் காண்கிறாள், அவன் அவளைக் காணவில்லை. அந்தப் பக்கத்தை எத்தனை தரம் வாசித்தேன் என்று கணக்கில்லை. தல்ஸ்தோய் அதை ரஷ்ய மொழியில் எழுதி 1899இல் வெளியிட்டார் என்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. மேடையில் நின்ற பெண் எனக்குத் தெரிந்தவளாக இருந்தாள். அதே வாங்கில் கார்க்கியின் 'தாய்' ரகுநாதனின் தமிழில், லாகர்குவிஸ்ட்டின் 'அன்பு வழி' க.நா.சு.வின் தமிழில். பல்கலைக்கழக வாசல் மிதிக்காத எனக்கு அந்த நான்கு மணித்தியாலம்தான் பல்கலைக்கழகம்.

2003இல் ஊர் திரும்பினோம். வேலை, கல்யாணம், மகள். அவளும் வளர்ந்து வேலைக்குப் போன பிறகு, போன வருடம் உங்கள் விளம்பரம் கண்ணில் பட்டது. வயதெல்லை இல்லை, உயர்தரம் இல்லாதவர்களுக்கும் நுழைவுத் தேர்வு உண்டு, வீட்டிலிருந்தே படிக்கலாம் என்று போட்டிருந்தது. அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. மகள் தன் பழைய மடிக்கணினியைத் தந்தாள், சூம் வகுப்பில் ஒலிவாங்கியை எப்படி அணைப்பது, எப்படிக் கை உயர்த்துவது என்று காட்டித் தந்தாள். முப்பத்து நான்கு வருடத்துக்குப் பிறகு மாணவி ஆனேன்.

இப்படியொரு வாசலைத் திறந்து வைத்ததற்கு முதலில் மனமார நன்றி சொல்கிறேன். கந்தோர் முடிந்து வீட்டுக்கு வந்து, சமையலை முடித்து, இரவு ஏழு மணிக்குக் கில்காமேஷ் என்ற பழைய மெசப்பொத்தேமியக் காவியத்தைப் பற்றிக் கேட்பது என் வாழ்க்கையில் நடக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

கில்காமேஷ் வகுப்பை மறக்க மாட்டேன். நினிவே நகரில், அசூர்பனிபால் மன்னனின் நூலகத்தில் புதைந்து கிடந்த களிமண் பலகைகள். அவற்றில் ஒன்றை 1872இல் லண்டன் அருங்காட்சியகத்தில் ஜோர்ஜ் சிமித் வாசித்தபோது, விவிலியத்தின் பெருவெள்ளக் கதை அதற்கும் முந்திய ஒரு நாட்டில் இருந்தது தெரியவந்தது. பதினோராம் பலகையில் அந்த வெள்ளம் வருகிறது. தேவர்களே பயந்து நாய்களைப் போல ஒடுங்கிக் கிடக்கிறார்கள். காற்று ஓய்ந்ததும், வெள்ளத்தில் தப்பிய உத்னபிஷ்டிம் படகின் சாளரத்தைத் திறக்கிறான். முகத்தில் வெளிச்சம் படுகிறது. மனிதரெல்லாம் களிமண்ணாகிப் போனார்கள். அவன் குந்தியிருந்து அழுகிறான்.

விரிவுரையாளர் அம்மா அதை ஆங்கிலத்தில் வாசித்து முடித்தார். திரையில் இருந்த முப்பது பேரும் பேசாமல் இருந்தோம். எங்கள் பக்கத்தில் இருந்து நான்கு பேர் அந்த வகுப்பில் இருந்தோம். நான்கு பேருமே 2004 டிசம்பர் 26ஆம் தேதி காலையைக் கண்டவர்கள். திருக்கடலூர்ப் பக்கம் என் பெரியம்மாவின் வீடு இருந்த இடத்தில் அன்று மத்தியானம் கரும்சேறும் ஒரு தையல் மெஷினும் மட்டும் கிடந்தன. வள்ளம் வீதியில் கிடந்தது. மனிதர் சேறாகிப் போவது எப்படி இருக்கும் என்று எங்களுக்கு யாரும் விளங்கப்படுத்த வேண்டியதில்லை. நாலாயிரம் வருடத்துக்கு முந்திய மெசப்பொத்தேமியக் கதைக்குள் நாங்கள் அந்த நிமிடமே போய்விட்டோம்.

"யாராவது கருத்துச் சொல்ல விரும்புகிறீர்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்கள். எனக்கு முன்னூறு வார்த்தை இருந்தது. அத்தனையும் தமிழில் இருந்தன. கிண்ணியாத் தம்பி ஒருவர் எங்களோடு படிக்கிறார், அவர் ஒலிவாங்கியைத் திறந்து, ரொம்பச் சோகமான பகுதி என்று ஆங்கிலத்தில் ஒரு வரி சொல்லிவிட்டு மூடினார். அவர் சுனாமியில் உம்மாவை இழந்தவர். வகுப்பு அடுத்த பகுதிக்குப் போய்விட்டது.

அன்றைக்குத்தான் இந்த மடலின் முதல் வரி என் மனதில் விழுந்தது.

அதற்குப் பிறகு ஒடிசி, ஹோமரின் பழைய கிரேக்கக் காவியம். இது மூதூர்ப் பக்கத்து அக்கா ஒருவரின் கதை. அவருடைய சம்மதத்தோடு, ஆளை அடையாளம் தெரியாதபடி எழுதுகிறேன். பெனலோபி பத்து வருடப் போரும் பத்து வருட அலைச்சலுமாக இருபது வருடம் கணவனுக்காகக் காத்திருக்கிறாள். மாமனாருக்கான சவத்துணியை நெய்து முடித்ததும் மறுமணம் செய்கிறேன் என்று சொல்லிவிட்டு, பகலில் நெய்ததை இரவில் பிரிக்கிறாள். அவளுடைய காத்திருப்பு கற்பா, தந்திரமா என்று ஒப்படைக்குக் கேள்வி வந்திருந்தது. அந்த அக்காவின் கணவர் காணாமல் போய்ப் பல வருடம். கேள்வியை வாசித்துவிட்டு இரவு ஒன்பது மணிக்கு எனக்குப் போன் எடுத்தார். ஒரு மணித்தியாலம் பேசினார்.

"அவள் ஏன் பிரிக்கிறாள் எண்டு எனக்கு விளங்குது பிள்ளை. மரணச் சான்றிதழ் எடுக்கச் சொல்லி எத்தனை பேர் வந்து கதைச்சாங்க. நானும் படிவத்தை நிரப்புவன். விடியமுதல் கிழிச்சுப் போடுவன். அது கற்புமில்லை, தந்திரமுமில்லை. முடிச்சிட்டால் முடிஞ்சு போயிடும்." அப்புறம் அவர் இன்னொன்றும் கேட்டார். பெனலோபியைக் கல்யாணம் கேட்டு அந்த வீட்டில் வந்து குந்தியிருந்து சாப்பிட்ட ஆண்கள் எல்லோரும், அவன் செத்துவிட்டான் என்று அவள் வாயாலேயே சொல்ல வைக்கத்தானே இருந்தார்கள் என்று கேட்டார். ஹோமரை ஆயுள் முழுக்க ஆராய்ந்தவர்களின் புத்தகங்கள் நூலகங்கள் நிறைய உண்டு. அவர்கள் முன்னாலும் அந்த அக்கா இதைத் தைரியமாகச் சொல்லலாம்.

அவர் அனுப்பிய ஒப்படையில் மூன்று ஆங்கில வாக்கியங்கள் இருந்தன. பெனலோபி விசுவாசமானவள், புத்திசாலி, கணவனை நேசித்தாள். பத்துக்கு நான்கு புள்ளி வந்தது. விரிவாக எழுதவும் என்று குறிப்பும் வந்தது. குறிப்பு எழுதியவரில் பிழையில்லை. அவர் கையில் கிடைத்தது அந்த மூன்று வரிதான். அந்த அக்கா இரண்டாம் தவணைக்குப் பணம் கட்டவில்லை. மொழி தெரியாத இடத்தில் தான் ஒரு மக்கு போலத் தெரிகிறது என்றார். எனக்குத் தெரிந்த நல்ல வாசகர்களில் அவர் ஒருவர். அவரை இழந்தது உங்கள் வகுப்பு.

என்னுடைய கதை அதைவிடச் சின்னது. காஃப்காவின் 'விசாரணை' பற்றிய ஒப்படையை ஆங்கிலத்தில்தான் எழுதினேன். ஆனால் மேற்கோள்களை ஏ.வி. தனுஷ்கோடியின் தமிழ் மொழிபெயர்ப்பிலிருந்து எடுத்து, நானே ஆங்கிலத்தில் விளக்கியிருந்தேன். அங்கீகரிக்கப்பட்ட பதிப்பைப் பயன்படுத்தவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். ஒரு கிழமைக்குள் திருத்தி எழுதினேன், தாமதத்துக்காகப் புள்ளியில் பாதியைக் குறைத்தார்கள். புள்ளியைப் பற்றி நான் இப்போது முறையிடவில்லை. அந்த விதியைப் பற்றித்தான் பேச வேண்டும்.

அங்கீகரிக்கப்பட்ட பதிப்பு என்று நீங்கள் தந்ததும் மொழிபெயர்ப்புத்தானே? காஃப்கா எழுதியது ஜெர்மன் மொழியில். ஆங்கிலப் பதிப்பை உருவாக்கியவரும் ஜெர்மன் புத்தகத்தை முன்னால் வைத்துக்கொண்டு தன் மொழியில் சொல் தேடியவர்தான். தனுஷ்கோடியும் ஜெர்மனிலிருந்தே நேராகத் தமிழுக்குக் கொண்டுவந்தவர். காம்யுவின் 'அந்நியன்' வெ. ஸ்ரீராமால் பிரெஞ்சிலிருந்து நேராகத் தமிழுக்கு வந்து 1980இலேயே அச்சாகிவிட்டது. மூலத்துக்குத் தமிழ் எவ்வளவு தூரமோ அவ்வளவுதான் ஆங்கிலமும். உங்கள் பாடப்பட்டியலை எடுத்துப் பாருங்கள். கில்காமேஷ் அக்காடிய மொழி, ஒடிசி கிரேக்கம், அப்புறம் சீனக் கவிதைகள், தல்ஸ்தோய், காஃப்கா, மார்க்கேஸ். இதில் ஒன்றுகூட ஆங்கிலத்தில் எழுதப்பட்டதில்லை. பாடநெறியின் பெரும்பகுதி மொழிபெயர்ப்பில்தான் நடக்கிறது. அப்படியிருக்கத் தமிழ் மொழிபெயர்ப்பு மட்டும் ஏன் இரண்டாந்தரம் ஆகிறது?

முதல் வகுப்பில் நீங்களே சொல்லித் தந்த கதை ஒன்று உண்டு. 1827 ஜனவரியில் ஜெர்மன் கவிஞர் கதே தன் உதவியாளர் எக்கர்மானிடம், தேசிய இலக்கியத்தின் காலம் போய்விட்டது, உலக இலக்கியத்தின் காலம் வந்துகொண்டிருக்கிறது என்று சொன்னார். அப்போது அவர் வாசித்துக்கொண்டிருந்தது ஒரு சீன நாவல். கதே சீன மூலத்தில் அதை வாசிக்கவில்லை, ஐரோப்பிய மொழிபெயர்ப்பில்தான் வாசித்தார். காளிதாசரின் சாகுந்தலத்தைப் புகழ்ந்து கவிதை எழுதியபோதும் சமஸ்கிருதம் அறிந்து எழுதவில்லை. உலக இலக்கியம் என்ற எண்ணமே தன் மொழியில் மொழிபெயர்ப்பை வாசித்த ஒரு மனிதரின் மேசையில்தான் பெயர் பெற்றது. கதேக்குக் கிடைத்த வசதியைத்தான் மூதூர் அக்காவுக்கும் கேட்கிறேன்.

'விசாரணை' வகுப்பில் நடந்ததையும் சொல்ல வேண்டும். முப்பதாவது பிறந்தநாள் காலையில் யோசப் கே.யைக் கைது செய்ய ஆட்கள் வருகிறார்கள். குற்றம் என்னவென்று கடைசிவரை யாரும் சொல்லவில்லை. இதைக் கனவு போல, அதிகாரத்தைப் பற்றிய உருவகம் போல வாசிக்க வேண்டும் என்று விரிவுரையில் சொன்னார்கள். நல்ல விளக்கம், மறுக்கவில்லை. ஆனால் எங்கள் ஊரில் இந்தப் புத்தகத்தைக் கையில் எடுக்கும் என் வயதுக்காரர் எவருக்கும் முதல் பக்கம் உருவகமாகத் தெரியாது. அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றவர்கள் நாங்கள். சட்டத்தின் வாசலில் ஒரு நாட்டுப்புறத்தான் வாயிற்காவலனிடம் உள்ளே விடச் சொல்லிக் கேட்டுக் கேட்டு, அங்கேயே குந்தியிருந்து கிழவனாகிப் போகும் கதை அதற்குள் வருகிறது. அதைத் தமிழில் வாசித்தபோது, தம்பியைத் தேடி வாசல் வாசலாக ஏறி இறங்கிய அப்பாவின் செருப்பு என் கண்ணுக்குள் வந்தது. ஆங்கிலத்தில் மறுபடி வாசித்தபோது அகராதியைப் பார்க்க வேண்டியிருந்தது. அகராதியைப் பார்க்கும் நேரத்தில் அப்பா போய்விடுகிறார்.

ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இந்தப் பத்து மாதத்தில் என் ஆங்கிலம் நிறையத் திருந்தியிருக்கிறது, அது எனக்குச் சந்தோஷம்தான். ஆங்கிலம் இல்லாவிட்டால் வேலைச் சந்தையில் பெடியள் பின்தங்கிவிடுவார்கள் என்று நீங்கள் சொல்வதும் உண்மை. ஆனால் இது ஆங்கில மொழிப் பாடநெறி அல்ல. இலக்கியப் பாடநெறி. ஒருவர் ஹோமரை எவ்வளவு ஆழமாக வாசித்தார் என்று அறிய விரும்பினால், அவர் ஆழமாகப் பேசக்கூடிய மொழியில் அவரைப் பேசவிட வேண்டும்.

இன்னொரு விஷயம். நான் மிகவும் விரும்பி எழுதும் பகுதி இதுதான்.

உலக இலக்கியம் எங்களுக்கு உங்கள் பாடநெறியோடு வந்து சேரவில்லை. 1891இல், திருகோணமலை இன்னாசித்தம்பி என்பவர் 'ஊசோன் பாலந்தை கதை' என்று ஒரு நூலை வெளியிட்டார். ஈழத்தின் ஆரம்பகாலத் தமிழ் நாவல்களைப் பற்றிப் பேசும் எவரும் அதன் பெயரைச் சொல்வார்கள். ஊசோன் என்பது ஓர்சன், பாலந்தை என்பது வாலந்தைன். பிறந்ததும் காட்டில் பிரிந்துபோகும் இரட்டைச் சகோதரர்கள். ஒருவனைக் கரடி வளர்க்கிறது, மற்றவன் அரண்மனையில் வளர்கிறான். இடைக்கால ஐரோப்பாவில் மொழிக்கு மொழி தாவிப் போன கதை, கடைசியில் இந்தத் துறைமுகத்திலும் இறங்கித் தமிழ்ப் பெயர் வைத்துக்கொண்டது. ஊசோன், பாலந்தை என்று சொல்லிப் பாருங்கள். அந்தப் பெயர்கள் எங்கள் நாக்குக்கு ஏற்றபடி எவ்வளவு பதமாகத் தேய்ந்திருக்கின்றன! இன்னாசித்தம்பி எந்த அங்கீகரிக்கப்பட்ட பதிப்பையும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. கதை பிடித்தது, தன் ஊராருக்குச் சொன்னார்.

நான்கு வருடம் கழித்து, 1895இல், திருகோணமலையில் பிறந்த த. சரவணமுத்துப்பிள்ளை சென்னையில் 'மோகனாங்கி'யை வெளியிட்டார். தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று அதைச் சொல்வார்கள். ஆங்கிலக் கல்வியில் கண்ட நாவல் வடிவத்தை எடுத்து, நாயக்கர் காலத்துக் கதை ஒன்றை அதற்குள் வைத்தார். உலக இலக்கியம் எப்படிப் பயணம் செய்கிறது என்று உங்கள் மூன்றாம் அலகில் பத்துப் பக்கம் இருக்கிறது. அதில் எங்கள் ஊரின் இந்த இரண்டு பெயருக்கும் ஒரு பந்தி கிடைத்தால் போதும்.

மற்றது, ரொபேர்ட் நொக்ஸ். பாய்மரம் சேதமான கப்பலைத் திருத்துவதற்காகக் கொட்டியாரக் குடாவுக்கு வந்த ஆங்கிலேயக் கப்பல்காரர்கள் 1660இல் பிடிபட்டார்கள். கப்பல் தலைவரின் மகன் நொக்ஸ். கண்டி இராச்சியத்தில் பத்தொன்பது வருடத்துக்கு மேல் சிறையிருந்து 1679இல் தப்பினார், 1681இல் லண்டனில் இலங்கையைப் பற்றிப் புத்தகம் வெளியிட்டார். டீஃபோ 1719இல் எழுதிய ரொபின்சன் குரூசோவுக்குப் பின்னால் இருக்கும் நூல்களில் அதையும் ஒன்றாக ஆய்வாளர்கள் எண்ணுகிறார்கள். குரூசோ பற்றி எங்களுக்கு இரண்டு வகுப்பு நடந்தது. அந்தப் புத்தகத்தின் ஒரு வேர் என் வீட்டு மாடியில் இருந்து பார்த்தால் தெரியும் குடாவுக்குள் இறங்கியிருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. மூதூர்ப் பிள்ளை ஒன்றுக்கு அது தெரிந்திருந்தால் குரூசோவை எப்படிப் பிடித்துக்கொண்டு வாசித்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

சரி, நடைமுறைக்கு வருகிறேன். அதுதான் சிரமம் என்பது எனக்கும் தெரியும்.

தமிழ் மொழிபெயர்ப்பு எல்லாவற்றுக்கும் இல்லை. இருக்கிறவற்றிலும் தரம் ஏறி இறங்கும். ஆனால் உங்கள் பட்டியலில் பாதிக்கு மேல் நல்ல தமிழில் கிடைக்கிறது. மார்க்கேஸ் 'தனிமையின் நூறு ஆண்டுக'ளாக வந்திருக்கிறார். தஸ்தயெவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' எம்.ஏ. சுசீலாவின் தமிழில் இருக்கிறது. கிண்ணியாத் தம்பி எப்போதும் பையில் வைத்திருப்பது எங்கள் கிழக்கு மாகாணத்தவரான எம்.ஏ. நுஃமான் தமிழுக்குத் தந்த பலஸ்தீனக் கவிதைகள். ஆபிரிக்கக் கவிதைகளைச் சோ. பத்மநாதன் தந்திருக்கிறார். இவற்றை ஒரு துணைப் பட்டியலாகப் போடுங்கள். ஆங்கிலப் பதிப்போ தமிழ்ப் பதிப்போ எதை வாசித்தாலும் மேற்கோள் காட்டலாம் என்று விதியில் ஒரு வரி சேர்த்தால், அடுத்த தவணையிலேயே பாதிப் பிரச்சினை தீரும். இதற்குக் காசும் தேவையில்லை.

விடைகளைத் தமிழில் எழுதினால் திருத்துவது யார் என்று கேட்பீர்கள். இந்த நாட்டில் பல்கலைக்கழகங்களில் தமிழ்த் துறைகள் இருக்கின்றன. கிழக்கில், யாழ்ப்பாணத்தில், பேராதனையில் படித்து முடித்த எத்தனையோ பட்டதாரிகள் வேலை தேடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் இரண்டு பேரைப் பகுதிநேரமாக எடுங்கள். முழுப் பரீட்சையையும் உடனே தமிழுக்கு மாற்றச் சொல்லவில்லை. ஒப்படையில் இருந்து தொடங்குங்கள். தமிழில் எழுதுபவர் கூடவே ஒரு பக்க ஆங்கிலச் சுருக்கமும் தர வேண்டும் என்று வைத்தால் ஆங்கிலமும் வளரும்.

இரண்டு மொழியிலும் ஒப்பிட்டு வாசிப்பதையே ஒரு பயிற்சியாகத் தந்தால் இன்னும் நல்லது. 'விசாரணை'யை இரண்டு மொழியிலும் வாசித்தபோது, ஒரே வாக்கியம் இரண்டிடத்தில் வேறு வேறு சூட்டில் இருப்பதைக் கண்டேன். அதிலிருந்து ஜெர்மனில் அது எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்கத் தொடங்கினேன். ஒரே மொழிபெயர்ப்பை மட்டும் கையில் வைத்திருக்கும் மாணவருக்கு அந்த ஊகம் வராது. இதில் எங்களிடம் ஒரு கை கூடுதலாக இருக்கிறது, அதைக் கட்டிவைக்காதீர்கள்.

வகுப்பு முடிந்த பிறகு பேசுவதற்கு ஓர் இடமும் வேண்டும். சூமில் நேரம் முடிந்ததும் எல்லா முகமும் ஒரே நொடியில் மறைந்துவிடுகிறது. அந்த நேரத்தில்தான் உண்மையான பேச்சு தொடங்க வேண்டும். நாங்கள் நான்கு பேர் மாதத்தில் ஒரு சனிக்கிழமை கடற்கரையில் கூடுகிறோம். சேருவிலப் பக்கத்துச் சிங்களத் தங்கச்சி ஒருத்தி பஸ் ஏறி வருவாள். ஒடிசியைச் சிங்களத்தில் வாசித்துவிட்டு, பாதி தமிழிலும் பாதி சைகையிலும் சொல்வாள். மான்கள் வந்து பக்கத்தில் நிற்கும். அந்தச் சனிக்கிழமைகளில் நான் கற்றது வகுப்பில் கற்றதற்குக் குறைவில்லை. மாவட்டத்துக்கு ஒரு பொது நூலகத்தில் மாதம் இரண்டு மணித்தியாலம் ஓர் அறை ஒழுங்கு செய்து, அங்கே பேசியதையும் பங்குபற்றல் புள்ளியில் சேருங்கள்.

ஒலிப்பதிவு பற்றியும் ஒரு சொல். காணொளியை மட்டும் போடாமல், குரலை மட்டும் தனியாகச் சின்னக் கோப்பாகத் தாருங்கள். டேட்டா வாங்கக் காசில்லாதவர்கள் இருக்கிறார்கள். கடலுக்குப் போகும் கிண்ணியாத் தம்பி அதைப் போனில் இறக்கிக்கொண்டு போய் வள்ளத்தில் கேட்பார்.

இனி, அடுத்த ஒப்படை. ஒடிசியில் கடல் எப்படி வர்ணிக்கப்படுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். ஹோமர் கடலைத் திராட்சை மதுவின் நிறம் என்று சொல்வதைப் பற்றி அரைமணி நேரம் விளக்கினீர்கள், ஆசையாகக் கேட்டேன். எனக்கு உடனே எங்கள் கோணேசர் பதிகம் ஞாபகம் வந்தது. "குரைகடல் ஓதம் நித்திலம் கொழிக்கும் கோணமா மலையமர்ந்தாரே" என்று ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் பாடினார். ஹோமர் கடலின் நிறத்தைப் பிடித்தார், சம்பந்தர் அதன் சத்தத்தைப் பிடித்தார். குரைகடல். கோணேசர் கோயில் இருக்கும் சுவாமி மலையின் மேல் நின்று கீழே பார்த்தவர்களுக்கு அந்தச் சொல் எவ்வளவு சரி என்று தெரியும். ஆனால் சம்பந்தர் இங்கே வந்து நின்று பாடவில்லை, இராமேஸ்வரத்தில் நின்றபடி இந்தத் திசையைப் பார்த்துப் பாடினார் என்பது மரபு. மண்டபம் முகாமில் இருந்த நாட்களில் நானும் அதே கரையில் நின்று இதே திசையைப் பார்த்திருக்கிறேன். பெனலோபியின் கணவன் ஒடிசியுஸ் கலிப்சோவின் தீவுக் கரையில் குந்தியிருந்து ஊர்ப்பக்கம் பார்த்து அழுவான் அல்லவா? அந்த இடத்தையும் இந்தப் பதிகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதப் போகிறேன்.

விதியை மீற மாட்டேன். அங்கீகரிக்கப்பட்ட பதிப்பை மேற்கோள் காட்டி ஆங்கிலத்தில் ஆயிரத்து இருநூறு சொல்லில் ஒன்று எழுதுவேன். தமிழில் எனக்கு வருகிற அளவுக்கு இன்னொன்று எழுதுவேன். இரண்டையும் ஒரே கோப்பில் 30ஆம் தேதிக்கு முன் அனுப்பிவிடுகிறேன். ஆங்கிலத்தில் உள்ளதற்கு மட்டும் புள்ளி இடுங்கள். தமிழில் உள்ளதைத் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து, இரண்டும் ஒரே மாணவி எழுதியவைதானா என்று கேளுங்கள். மூதூர் அக்காவிடமும் பெனலோபி பற்றித் தமிழில் எழுதித் தரும்படி கேட்டிருக்கிறேன். எழுதிக்கொண்டிருக்கிறார். அவர் பணம் கட்டாத மாணவி என்றாலும், அதையும் சேர்த்து அனுப்புவேன். தயவுசெய்து வாசியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாணவி ஒருத்தி,
திருகோணமலை.